மனு இல்லாமல் போவது: அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சுவிசேஷம் சொல்வது பற்றி ஓர் எளிய விளக்கம்

டிசம்பர் மாதத்தில் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு கிறிஸ்துமஸ் விழா மேடையைப் பாருங்கள். நடுவில் அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ மாவட்ட ஆட்சியரோ உட்கார்ந்திருப்பார். கேக் வெட்டுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். ஒரு போதகர் அவருக்காக நீண்ட ஜெபம் செய்வார். அது முடிந்த கையோடு கல்லறைத் தோட்டத்துக்கு இடம், ஆலயம் கட்ட அனுமதி, பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் என்று கோரிக்கைகள் வாசிக்கப்படும். மறுநாள் "அமைச்சருக்குச் சுவிசேஷம் அறிவிக்கப்பட்டது" என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும்.

பண்டிகைக்கு ஒருவரை அழைப்பது நல்ல பண்பு. கோரிக்கை வைப்பது குடிமக்களின் உரிமை. இரண்டிலும் தவறில்லை. ஆனால் அந்த மேடையில் சுவிசேஷம் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டிருந்தாலும் அந்த மனிதரின் காதில் அது விழுந்திருக்காது. ஏன் விழாது, விழ வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாக இந்த ஊழியத்தைப் பற்றி யோசிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது.

கல்யாண வீட்டுக்கு வந்த டாக்டர்

ஒரு கல்யாணத்துக்கு ஊரறிந்த டாக்டர் வருகிறார். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் "சாப்பாடு எப்படி சார்?" என்று ஆரம்பிப்பார். டாக்டருக்குத் தெரியும், இன்னும் இரண்டு நிமிடத்தில் முழங்கால் வலி வெளியே வரும். அதனால் சாப்பாட்டைப் பற்றிய பேச்சை அவர் காதில் வாங்குவதே இல்லை. முழங்கால் எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்.

அதிகாரத்தில் இருப்பவரின் நிலை அன்றாடம் இதுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான மனுக்கள் வரும். அது வெளிப்படையான மனு. மற்ற நாட்களில் வருகிறவர்கள் மனுவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவார்கள். வாழ்த்து, விசாரிப்பு, பாராட்டு, பூங்கொத்து, பிரசாதம் எல்லாம் ஒரு முன்னுரை. பின்னால் ஒரு கோரிக்கை உண்டு. பத்து வருடம் பதவியில் இருந்தவருக்கு முன்னுரையைக் கேட்காமலே கோரிக்கையைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிடும். இது அவருடைய குணக்கேடு அல்ல. அந்த நாற்காலி கற்றுக்கொடுத்த தற்காப்பு.

இந்த இடத்தில் ஒருவர் போய் "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று சொன்னால் அதுவும் முன்னுரையாகத்தான் கேட்கும். பிறகு ஆலயக் கட்டட அனுமதி பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவருடைய கணக்கு சரியாகிவிடும். இனி கிறிஸ்தவர் யார் வந்து இயேசுவைப் பற்றிப் பேசினாலும் "என்ன வேண்டும்?" என்ற கேள்விதான் அவர் மனதில் ஓடும். பின்னால் வரும் பத்துப் பேருக்கும் சேர்த்து அந்த ஒருவர் கதவை அடைத்துவிட்டார்.

இரண்டு சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். சாட்சி என்றால் இயேசு யார், அவர் என்ன செய்தார் என்று அறிந்ததை, கேட்பவரிடம் எதையும் எதிர்பாராமல் சொல்வது. மனு என்றால் கேட்பவரின் பதவியால் நமக்கு ஆக வேண்டிய எந்தக் காரியமும். அனுமதி, சிபாரிசு, பாதுகாப்பு, நன்கொடை இவற்றோடு ஒரு புகைப்படமும் மனுதான். அவரோடு நிற்கும் படம் நமக்கு மதிப்பைக் கூட்டுகிறது என்றால் நாம் அவரிடமிருந்து ஒன்றைப் பெற்றுவிட்டோம்.

சுருக்கமாக: அதிகாரி எல்லாப் பேச்சிலும் மனுவைத் தேடுகிறவர். சாட்சியும் மனுவும் ஒரே நாளில், ஒரே வாயில் வந்தால், மனு மட்டுமே அவர் காதில் நிற்கும்.

செசரியாவில் நடந்தது

வேதாகமத்தில் இதற்குத் தெளிவான பாடம் அப்போஸ்தலர் 24 முதல் 26 வரையிலான மூன்று அதிகாரங்கள். பவுல் கைதியாகச் செசரியாவில் இருக்கிறார். முன்னே ரோம தேசாதிபதி பேலிக்ஸ். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இவருடைய கொடுமையையும் இச்சையையும் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறார்.

முதலில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தெர்த்துல்லு எழுந்து, உம்மாலே நாங்கள் மிகுந்த சமாதானத்தை அனுபவிக்கிறோம், உம்முடைய பராமரிப்பினாலே இந்தத் தேசத்துக்குச் சிறந்த நடத்தை வந்திருக்கிறது என்று அடுக்குகிறார். அடுத்துப் பவுலின் முறை. நீர் அநேக வருஷகாலமாய் இந்தத் தேசத்தாருக்கு நீதிபதியாயிருக்கிறீர் என்று அறிந்து என் காரியத்தைச் சொல்கிறேன் என்கிறார். ஒரே வாக்கியம். மரியாதை இருக்கிறது, பொய் இல்லை. மேடைகளில் நம்மவர்கள் பேசுவதை இந்த இரண்டு பேச்சுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாம் பெரும்பாலும் தெர்த்துல்லுவின் பக்கம் நிற்பது தெரியும். அது வருத்தமான உண்மை.

சில நாள் கழித்துப் பேலிக்ஸ் தன் மனைவி துருசில்லாளோடு வந்து, கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசத்தைக் கேட்கப் பவுலை அழைப்பிக்கிறார். துருசில்லாள் இன்னொருவருடைய மனைவியாக இருந்தபோது பேலிக்ஸ் அவளை இணங்கவைத்து மணந்தார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு குறித்திருக்கிறார். அந்த இருவருக்கும் முன்னே பவுல் எடுத்த பொருள் மூன்று: நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு. தீர்ப்புச் சொல்கிறவருக்கு நீதி. இப்படிப்பட்ட திருமணத்தில் இருப்பவருக்கு இச்சையடக்கம். தனக்கு மேல் நீதிபதி இல்லை என்று நினைக்கிறவருக்கு நியாயத்தீர்ப்பு. பேலிக்ஸ் பயந்தார். "இப்பொழுது நீ போகலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வசனம்தான் நம் பேச்சுக்கு முக்கியம். பவுல் பணம் கொடுப்பார் என்று எதிர்பார்த்துப் பேலிக்ஸ் அடிக்கடி அவரை அழைத்துப் பேசினார். அதாவது பேலிக்ஸ் பவுலிடமும் ஒரு பேரத்தைத் தேடினார். இரண்டு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. பவுல் ஒரு தொகையைக் கொடுத்து வெளியே வந்திருந்தால், அன்று நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசியதெல்லாம் பேரத்தின் முன்னுரையாகிப் போயிருக்கும். பேலிக்ஸுக்கு வந்த பயமும் அன்றே கலைந்திருக்கும்.

பவுல் தன் உரிமையைக் கேட்கவே இல்லையா? கேட்டார். சவுக்கால் அடிக்கக் கட்டியபோது நான் ரோமன் என்று நூற்றுக்கதிபதியிடம் சொன்னார். பேலிக்ஸுக்குப் பின் வந்த தேசாதிபதி பெஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். கேட்க வேண்டிய இடத்தில், சட்டம் வகுத்த வழியில் கேட்டார். ஆனால் அகிரிப்பா ராஜா கேட்க உட்கார்ந்தபோது என்னை விடுவியுங்கள் என்று ஒரு சொல் இல்லை. நீர் தீர்க்கதரிசிகளை விசுவாசிக்கிறீரா என்றுதான் கேட்டார். நான் கிறிஸ்தவனாகிறதற்குக் கொஞ்சங்குறைய நீ என்னைச் சம்மதிக்கப்பண்ணுகிறாய் என்றார் ராஜா. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

எண்ணிப் பார்த்தால் பேலிக்ஸ், பெஸ்து, அகிரிப்பா மூவரில் ஒருவரும் விசுவாசியானதாக அந்தப் பகுதியில் இல்லை. லூக்கா அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கேயாசி கெடுத்த காரியம்

எதிர் உதாரணம் 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், தீர்க்கதரிசி எலிசாவின் சொற்படி யோர்தானில் முழுகிக் குஷ்டரோகத்திலிருந்து குணமடைகிறார். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் பொன், பத்து மாற்றுடை என்று கொண்டுவந்தவர் காணிக்கையை வாங்கிக்கொள்ளும்படி எலிசாவை வருந்திக் கேட்கிறார். எலிசா வாங்கவில்லை. தேவனுடைய கிருபைக்கு விலை இல்லை என்பதை அந்த மறுப்பு ஒன்றே அவருக்குச் சொல்லிவிட்டது. பின்னாலேயே வேலைக்காரன் கேயாசி ஓடிப்போய், எஜமான் கேட்டதாகப் பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுடையும் வாங்கி வருகிறான். அவன் திருடியது வெள்ளி மட்டுமல்ல. இஸ்ரவேலின் தீர்க்கதரிசியும் மற்றவர்களைப் போலத்தான் என்ற எண்ணத்தை நாகமானின் மனதில் விதைத்துவிட்டான்.

ஒரு சபையில் சாட்சி சொல்பவர் எலிசாவாகவே இருந்தாலும், அதே வாரத்தில் அதே சபையின் பெயரைச் சொல்லி இன்னொருவர் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போய் நின்றால் விளைவு ஒன்றுதான். ஆகவே இது ஒரு தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் இருந்தால் போதாது, சபையின் ஏற்பாடாக இருக்க வேண்டும்.

நாகமானுக்கு முதலில் வழி சொன்னவள் அவர் வீட்டில் வேலை செய்த சிறைப்பட்ட சிறுபெண். யோர்தானில் முழுக மறுத்தபோது மனதை மாற்றியவர்கள் அவருடைய ஊழியக்காரர். நம் நாட்டு அலுவலகத்திலும் நேர்முக உதவியாளர், தபேதார், ஓட்டுநர், பாதுகாப்புக் காவலர் ஆகியோர்தான் அந்த மனிதரை நாள் முழுதும் பார்க்கிறவர்கள். அவர்களை வாசல்படிகளாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உள்ளே போய் அன்பைப் பற்றிப் பேசினால் எடுபடாது. ஓட்டுநரிடம் நீங்கள் நடந்துகொண்ட விதம் உங்களுக்கு முன்பே உள்ளே போயிருக்கும்.

தஞ்சாவூரில் ஒரு முன்மாதிரி

தமிழ் மண்ணிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் 1750ல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் பணிசெய்து, 1798ல் தஞ்சாவூரில் இறந்தார். தமிழும் மராத்தியும் பாரசீகமும் பேசினார். 1779ல் சென்னையின் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவரை மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூதாக அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்கென்று தந்த பணத்தை அவர் தனதாக்கிக்கொள்ளவில்லை. சென்னை அரசிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். தஞ்சாவூர் மன்னர் துளஜா இறக்கும் முன் தன் சுவீகாரப் பிள்ளை சரபோஜியின் பாதுகாப்பை அவரிடம்தான் ஒப்படைத்தார்.

சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனால் சுவார்ட்ஸுக்காக ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியிடம் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்து, தஞ்சாவூர் ஆலயத்தில் வைத்தார். மரணப்படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் அருகில் மன்னர் நிற்பதாக அந்தச் சிற்பம் இருக்கிறது. அந்த நட்பில் மனுவின் வாசனை இருந்திருந்தால் அந்தக் கல் அங்கே வந்திருக்காது.

இந்த வாழ்க்கையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கம்பெனியின் தூதராகப் போனது அவருடைய சாட்சிக்கு ஒரு நிழலைச் சேர்த்தது. 1780ல் ஹைதருக்கும் கம்பெனிக்கும் போர் வந்தேவிட்டது. ஒரு அரசின் காரியத்தைச் சுமந்துகொண்டு இன்னொரு அரசனிடம் போகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் யாருடைய ஆள் என்ற கேள்வி எழும். இன்று கட்சிகளுக்கும் சபைகளுக்கும் நடுவில் நடமாடும் ஊழியர்கள் சுவார்ட்ஸின் நேர்மையோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: பவுல் பேரத்துக்கு இடம் கொடுக்கவில்லை, எலிசா காணிக்கை வாங்கவில்லை, சுவார்ட்ஸ் பணம் சேர்க்கவில்லை. மூவர் பேச்சுக்கும் எடை வந்தது அங்கிருந்துதான்.

சட்டம் சொல்வது

இந்திய அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 1977ல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் மதத்தின் கருத்தை எடுத்துச் சொல்லும் உரிமை, பிறரை மதமாற்றும் உரிமை அல்ல என்று விளக்கியது. தமிழ்நாட்டில் 2002ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து பின்னர் நீக்கப்பட்டது. உத்தரப் பிரதேசம், ஒடிசா, மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உண்டு. அங்கே பணமோ பொருளோ சலுகையோ கொடுத்தால் "ஆசை காட்டுதல்" என்ற குற்றச்சாட்டு வரும். அங்கே பணிபுரியும் தமிழ் அதிகாரிகளைச் சந்திக்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

தேர்தல் காலத்துக்குத் தனி எச்சரிக்கை. 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி மதத்தின் பேரில் வாக்குக் கேட்பது முறைகேடு. ஆராதனையில் வேட்பாளரை மேடையேற்றுவது அவருக்கும் ஆபத்து, சபைக்கும் கேடு. தேதி அறிவித்த நாள் முதல் முடிவு வரும்வரை வேட்பாளர்களைச் சந்திப்பதையே தவிர்த்துவிடலாம்.

இன்னொரு திசையும் இருக்கிறது. கிறிஸ்தவ அதிகாரி தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் அலுவலகத்தில் சுவிசேஷம் சொன்னால், கேட்பவரால் மறுக்க முடியாது. அவருடைய வேலையை மதிப்பிடும் ஆண்டறிக்கை இவர் கையில் இருக்கிறது. அது சாட்சி ஆகாது. அப்படிப்பட்டவர் தன் சாட்சியைக் கோப்புகளில் கையெழுத்திடும் விதத்தில் காட்டட்டும். பேச்சு, கேள்வி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் எப்படிப் போவது

முதல் வேலை ஆட்களைப் பிரிப்பது. சபைக்கு அரசிடம் ஆக வேண்டிய காரியங்களைச் செயலாளரோ வேறொருவரோ முறையான மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கட்டும். சாட்சிக்குப் போகிறவர் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது. அதிகாரியே "உங்கள் சபை மனு ஒன்று வந்திருக்கிறதே" என்று எடுத்தாலும், "அதை விதிப்படி பாருங்கள், அதற்காக நான் வரவில்லை" என்று முடித்துவிட வேண்டும். மனு நிராகரிக்கப்பட்ட பிறகும் அதே முகத்தோடு அவரைப் பார்க்கப் போக முடியுமா என்று முன்னமே தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது. முடியாது என்றால் போகாமல் இருக்கலாம்.

பிறகு ஜெபம். 1 தீமோத்தேயு 2:1-4 ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. பெயர் சொல்லி, குடும்பத்தோடு சேர்த்து, குறைந்தது ஒரு மாதமாவது ஜெபித்துவிட்டுச் சந்திப்புக் கேளுங்கள். அந்த ஒரு மாதத்தில் அவர் "நமக்கு வேண்டியவர்" என்ற நிலையிலிருந்து ஒரு மனிதராக உங்கள் மனதில் மாறியிருப்பார்.

நேர்முக உதவியாளரிடம் காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள்: ஐயாவுக்காக ஜெபிக்கிறோம், பத்து நிமிடம் பார்க்க வேண்டும், கோரிக்கை எதுவும் இல்லை. இரண்டு பேருக்கு மேல் போக வேண்டாம். பெண் அதிகாரி என்றால் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பொன்னாடை, பழக்கூடை, கேமரா, சபையின் பெயர் அச்சிட்ட கடிதம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. தோல் உறை போட்ட விலையுயர்ந்த வேதாகமம்கூட அவருக்குச் சங்கடம் தரும்.

உள்ளே போனதும் அவர் செய்த ஒரு குறிப்பிட்ட நல்ல காரியத்துக்கு நன்றி சொல்லுங்கள். வெள்ள நிவாரணம், பள்ளிச் சாலை, ஏதோ ஒன்று, உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். "உங்களுக்காக எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். பலர் சற்று யோசித்துவிட்டுப் பிள்ளையின் படிப்பையோ தாயாரின் உடல்நிலையையோ சொல்வார்கள். அனுமதி கேட்டு, ஒரு நிமிடத்துக்குள், சாதாரணக் குரலில், இயேசுவின் நாமத்தில் ஜெபியுங்கள். தலைமேல் கை வைக்க வேண்டாம். பத்து நிமிடம் ஆனதும் அவர் உட்காரச் சொன்னாலன்றி எழுந்துவிடுங்கள்.

இங்கே பெரும்பாலும் தவறுகிற இடம் தீர்க்கதரிசனம். அடுத்த தேர்தலில் ஜெயிப்பீர்கள், பதவி உயரும் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. 1 இராஜாக்கள் 22ல் ஆகாபுக்குச் சுமார் நானூறு பேர் அப்படித்தான் சொன்னார்கள். மிகாயா ஒருவர்தான் உண்மையைச் சொல்லிச் சிறைக்குப் போனார். ஆகாப் அந்தப் போரில் செத்தார். பதவியில் இருப்பவரிடம் அவர் கேட்க விரும்புவதைச் சொல்ல நானூறு பேர் எப்போதும் இருக்கிறார்கள். இன்னொருவர் தேவையில்லை.

அடுத்த தவறு வாய். அவர் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னதை அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதோடு எல்லாம் முடிந்தது. அவர் சொன்னது உங்கள் இருவருக்குள் நிற்க வேண்டும்.

இரண்டாவது முறை போகும்போது, சொன்ன காரியம் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அப்போதுதான் அவராகவே ஏதாவது கேட்பார். கேட்டால் சுற்றி வளைக்காமல் மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள்: தேவன் பரிசுத்தர், நாம் பாவிகள், இயேசு நமக்காக மரித்து உயிர்த்தெழுந்தார், மனந்திரும்பி அவரை விசுவாசிக்கிறவருக்கு மன்னிப்பு உண்டு. மனந்திரும்புதலை விட்டுவிட்டு ஆசீர்வாதத்தை மட்டும் சொல்ல வேண்டாம். லூக்கா 3ல் வரி வசூலிக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள் என்று யோவான் ஸ்நானன் நேராகச் சொன்னார். அதை மேடையில் சொன்னால் அவமானப்படுத்துவது போலாகும். தனியறையில், கேட்ட பிறகு சொன்னால் அவருடைய மனதுக்குப் போகும்.

கையில் கொடுக்க லூக்கா சுவிசேஷம் மட்டும் அச்சான சிறு பிரதி போதும். மொத்தம் 24 அதிகாரம். ஓர் இரயில் பயணத்தில் முடித்துவிடலாம். நூற்றுக்கதிபதி, ஆயக்காரர் தலைவன் சகேயு, பிலாத்து, அநீதியுள்ள நியாயாதிபதியிடம் நீதி கேட்டு வந்த விதவை என்று அதிகாரத்தில் இருப்பவருக்குத் தெரிந்த முகங்கள் அதில் நிறைய உண்டு.

அவர் விசுவாசித்தால்

இங்கேதான் நம்மவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. ஞானஸ்நானம், படம், சாட்சிக் கூட்டம் என்று அவரை உடனே ஊருக்குக் காட்ட ஆசை. நிக்கொதேமு இராத்திரியில் வந்தார். அரிமத்தியா யோசேப்பு அந்தரங்க சீஷனாக இருந்தார். இருவரும் வெளிப்பட்ட நேரம் அவர்களே தெரிந்துகொண்ட நேரம், இயேசு அடக்கம்பண்ணப்பட்ட அன்று.

வெளிப்படுவதன் விலையும் ஆளுக்கு ஆள் வேறு. 1950ஆம் வருட பட்டியல் சாதிகள் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். தனித்தொகுதியில் வென்ற ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால் அவருடைய பதவியே கேள்விக்குள்ளாகும். அதை அவரிடம் மறைக்கவும் கூடாது, மறைத்து வாழ வழி சொல்லிக் கொடுக்கவும் கூடாது. விலையைச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட வேண்டும். அவருக்குத் தேவை ஒரு கூட்டம் அல்ல. மாதம் இருமுறை உட்கார்ந்து வேதம் படிக்க, வாயைக் கட்டிய ஒரு மூத்த விசுவாசி போதும்.

விசுவாசிக்காவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். தொடர்ந்து போக வேண்டும். அரசு அதிகாரிக்கு இடமாற்றம் வரும், அரசியல்வாதிக்குத் தோல்வி வரும், எல்லோருக்கும் ஓய்வு வரும். நேற்றுவரை வாசலில் நின்ற கார்கள் மறுவாரம் இருக்காது. தொலைபேசி நாட்கணக்கில் ஒலிக்காது. இடமாற்ற ஆணை வந்த வாரமும், தேர்தல் முடிவு வந்த மறுவாரமும், ஓய்வு பெற்ற முதல் மாதமும் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டிய நாட்கள். நமக்குக் கேட்க எதுவும் இல்லை என்பது அன்றைக்கு அவருக்கே தெரியும். முன்பு பத்து நிமிடம் தந்தவர் அன்று காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு, உட்காருங்கள் என்பார்.